மூன்றாவது அயனி

மூன்று அயனிகள் என்று எழுதியதற்காகத்தான் குழலியின் ஆய்வேடு திரும்பி வந்தது.

கால்சியத்தைச் சின்ன அடுப்பில் சுட்டு ஆவியாக்கி, லேசரால் அணுவிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிடுங்கி, அப்படி அயனியானதை மின்புலப் பொறிக்குள் நிறுத்திவைப்பது அவள் வேலை. நீல லேசர் பட்டால் கால்சிய அயனி ஒளிரும்; வேறு பொருளின் அயனி கலந்துவிட்டால் அது ஒளிராது. அவள் எடுத்த படத்தில் ஒளிர்ந்தவை இரண்டு. நடுவில் இருட்டு. இரண்டே இருந்தால் இவ்வளவு தள்ளி நிற்காது, நடுவில் ஒளிராத ஒன்று இருக்கிறது என்று அளந்து எழுதியிருந்தாள்.

ஆய்வுக் குழுவின் தலைவர் வாழ்நாளில் ஓர் அயனியைக்கூடப் பிடித்தவரில்லை. ஆனால் எண்ணத் தெரிந்தவர். இரண்டு என்று திருத்தினால் இன்றே கையெழுத்துப் போடுகிறேன் என்றார்.

குழலிக்கு நாற்பத்தேழு வயது. அவள் பாடம் நடத்தும் கல்லூரி கொடுத்த விடுப்பு நாளையோடு முடிகிறது. பட்டம் இல்லாமல் திரும்ப அவளுக்குப் பயம்.

பேனாவும் கையுமாக ஆய்வுக்கூடத்துக்கு வந்தாள். அவளுடைய வழிகாட்டி, பேராசிரியர் ஆமினா, அவளைவிட ஒன்பது வயது இளையவர்.

"மேடம், கண்ணுக்கே தெரியாத ஒண்ணுக்காக நான் ஏன் அடம்பிடிக்கணும்?"

ஆமினா திரையைக் காட்டினார். அன்று காலையும் அதே மாதிரி ஒரு வரிசை பொறிக்குள் மாட்டியிருந்தது. பொறியின் பிடியைத் தளர்த்தி மறுபடி இறுக்கச் சொன்னார்.

திரையில் இரண்டு புள்ளிகளும் கலங்கின. பிறகு இடம் மாறித் தெளிந்தன. இப்போது ஒன்று பொறியின் நடுவில், இன்னொன்று அதற்கு இடப்பக்கம். வலப்பக்கம் வெறும் இருட்டு.

"ரெண்டே ரெண்டுன்னா எப்படி நிக்கணும், சொல்லுங்க."

"நடுவுக்கு ரெண்டு பக்கமும் சமமா."

"ஏன் நிக்கலை?"

"வலது பக்கம் இருந்து அது தள்ளுது."

சொன்னபோது குழலிக்குக் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. பேனாவை மூடினாள். ஆனாலும் பயம் போகவில்லை.

"இதைக் காட்டினா ஒத்துக்குவாங்களா மேடம்?"

"மாட்டாங்க. எங்க இருக்கு, காட்டுன்னுதான் கேப்பாங்க."

"அப்போ நான் என்ன செய்ய?"

ஆமினா திரையின் இருட்டான பக்கத்தைப் பார்த்தபடி சொன்னார்.

"அது இருக்குன்னும்தான் யாரும் ஒத்துக்கலை. அதுக்காக அது இடத்தை விட்டுக் குடுத்துச்சா?"