உளுவையின் வாலைப் பிடித்த இறால்

டொக்.

தண்ணீர் வற்றிய நேரத்தில் கழிமுகத்துச் சேற்றில் போய் நின்றால் முதலில் இந்தச் சத்தம்தான் கேட்கும். ஆளைக் காணாது. யாரோ மண்ணுக்கு அடியில் உட்கார்ந்து விரலைச் சொடுக்குகிற மாதிரி இருக்கும். கொஞ்சம் தள்ளி இன்னொன்று, டொக். குனிந்து தேடினால் கணுக்கால் தண்ணீர், சேற்றில் ஒரு வளை, வளை வாசலில் கண்ணை உருட்டிக்கொண்டு ஓர் உளுவை மீன். அவ்வளவுதான்.

அந்தக் காலத்தில் இந்தச் சத்தம் கிடையாது. மீனும் இறாலும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. வளை இறாலுக்கு அப்போது மிளகுபோலக் கறுத்த இரண்டு நல்ல கண்கள், அளவு ஒத்த இரண்டு கைகள். தன் வளையைத் தானே தோண்டும், தானே காவல் காக்கும். உளுவைக்கு வீடு வாசல் எதுவும் இல்லை. தண்ணீர் வற்றினால் யார் வளையிலாவது ஒண்டிக்கொள்ளும். வாடகையாக ஊர்க்கதை பேசும்.

அந்தக் கழிமுகத்தில் நம்புநாச்சி என்று ஒருத்தி இரை பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் உமையணன் வத்தை என்கிற சின்னப் படகில் போய்த் தூண்டில் போடுகிறவன். விரிகுடாவுக்குள் கிடக்கும் கொடுவா மீன் செத்த இரையைத் திரும்பியும் பார்க்காது. முள்ளில் கோத்த பிறகும் இரை உயிரோடு துடிக்க வேண்டும். அதற்கு வளை இறாலை மிஞ்சி ஒன்றும் இல்லை. ஓர் இறாலை வைத்துக்கொண்டு ஒரு பகல் முழுக்கத் தூண்டில் போடலாம். வளைக்கு இரண்டு வாசல். ஒரு வாசலில் கோலை விட்டுக் கிண்டினால் இறால் மறு வாசலில் வரும். அங்கே கையைக் குவித்து வைத்திருக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை, ஆள் இருக்கிற வளை எது என்று தெரிந்தால்.

அந்த வருஷம் வாடைக் குளிருக்கு இறால்கள் எல்லாம் ஆழத்தில் இறங்கிவிட்டன. ஒன்பது நாளாக நம்புநாச்சி கிண்டிய வளைகளில் நண்டுதான் வந்தது. ஒன்பதாம் நாள் சாப்பாட்டில் கை வைத்தபடியே உமையணன் சொன்னான்:

"நாளைக்கு இரை இல்லேன்னா பாருக்கு வெளிய போறேன். அங்க செத்த இரைக்கே கடிக்கும்."

பார் என்பது விரிகுடா வாசலில் கிடக்கும் பாறை வரிசை. வாடையில் அதற்கு வெளியே ஓடும் நீரோட்டம் வத்தையைத் திரும்ப விடாது. போன வாடையில் அவன் அண்ணன் அப்படிப் போனவன்தான். துடுப்பு மட்டும் கரைக்கு வந்தது. உமையணன் இப்போது வலித்துக்கொண்டிருந்தது அந்தத் துடுப்பைத்தான். நம்புநாச்சி இன்னும் ஒரு கை சோறு வைத்தாள். வேண்டாம் என்று சொன்னால் பிடிவாதம் கூடும் என்று அவளுக்குத் தெரியும்.

மறுநாள் காலை மூடுபனி. வத்தையைத் துறையில் கட்டி வைத்துவிட்டு அவன் காத்திருந்தான். அவள் பறிக் கூடையை இடுப்பில் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினாள். கிண்டினாள், குவித்தாள், நண்டைத் தூக்கி எறிந்தாள். பனிக்குள்ளிருந்து அவன் குரல் வந்தது. இறாலைப் பிடிக்கச் சொன்னால் இறாலுக்குத் தாலாட்டுப் பாடிக்கொண்டிருக்கிறாளோ என்று கேட்டான். அதே நேரத்தில் அவளுடைய கண்டல் கோல் ஒரு வளைக்குள் முறிந்துபோயிற்று. தண்ணீர் ஏறத் தொடங்கியிருந்தது.

பக்கத்துக் குழியில் ஓர் உளுவை சிக்கிக் கிடந்தது. அள்ளிப் பறியில் போட்டாள்.

"மதினி, என்னையக் கோத்து என்ன ஆகப்போகுது?" என்றது உளுவை. "பத்து மூச்சுல செத்துருவேன். ஒரு வீச்சுக்குத்தான் ஆவேன்."

"ஒரு வீச்சாவது ஆகுமே."

"ஆள் இருக்கிற வளையக் காட்டித் தந்தா?"

அவள் நின்றாள். உளுவைக்கு அந்தக் கழிமுகத்தில் உறுதியாகத் தெரிந்த வளை ஒன்றே ஒன்று. போன மூன்று தண்ணீர் வற்றுக்கும் அதில்தான் ஒண்டியிருந்தது. முந்தின நாள் ராத்திரி பாசித் துண்டு ஒன்றைப் பாதி பிய்த்துக் கொடுத்த இறால் அதற்குள் இருந்தது. உளுவை கொஞ்ச நேரம் செவுளை மூடித் திறந்தது. பிறகு, "அந்த வேருக்கு இடது பக்கம்" என்றது.

தண்ணீர் கெண்டைக்காலைத் தொட்டுவிட்டது. நம்புநாச்சி பின்னால் கையை நீட்டி, பனியில் தட்டுப்பட்ட கிளையை ஒடித்தாள். என்ன கிளை என்று பார்க்கவில்லை. பிறந்ததிலிருந்து அந்தச் சேற்றில் நடக்கிறவள் பார்த்திருக்க வேண்டும். கண்டல் மரங்களுக்கு நடுவே தில்லை மரமும் நிற்கும். தில்லைப் பால் கண்ணில் பட்டால் கண் போகும், தோலில் பட்டால் வீங்கும். அந்தக் கரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம்.

கோலை விட்டுக் கிண்டினாள். முறிந்த இடத்திலிருந்து பால் வளைக்குள் சொட்டியது. மறு வாசலில் இறால் வந்து அவள் கையில் விழுந்தது. நல்ல இறால். ஆனால் அது ஓடப் பார்க்கவில்லை. தன் முகத்தையே துடைத்துக்கொண்டிருந்தது. மிளகுக் கண் இரண்டும் சுண்ணாம்புபோல வெளுத்திருந்தன. துடைத்த கை அவள் பார்க்கப் பார்க்க வீங்கி, உடம்பில் பாதி அளவுக்குப் பருத்தது.

தன் விரலில் வெள்ளையாக ஒட்டியிருந்ததை அவள் அப்போதுதான் கண்டாள். ஐயோ என்று நெற்றியில் கை வைத்தாள். வைத்த கை கண்ணில் பட்டது. தீ வைத்ததுபோல எரிந்து இரண்டு இமையும் மூடிக்கொண்டன.

இனி அவள் பார்த்தது ஒன்றுமில்லை. கேட்டதுதான். இறாலைப் பறிக்குள் விட்டுவிட்டு அப்படியே நின்றாள்.

டொக் என்று ஒரு சத்தம். வீங்கிய கையை மடக்கிப் பார்த்த இறால் அந்தச் சத்தத்துக்குத் தானே பயந்து ஒடுங்கியது.

"யாரு பக்கத்துல?" என்று கேட்டது.

"நான்தான்" என்றது உளுவை.

"வளையக் காட்டினது யாரு?"

உளுவை அதையும் சொன்னது. நான்தான்.

நம்புநாச்சிக்கு யோசனை ஓடியது. குருட்டு இறாலைக் கோத்துப் பயனில்லை, கொடுவா வந்தால் விலகி ஓடத் தெரியாது, ஓடாத இரையை அது தொடாது. உளுவை மிச்சம் இருக்கிறது. ஒரு வீச்சு. ஒரு வீச்சில் கடித்தாலும் கடிக்கலாம், உமையணன் பாருக்கு உள்ளேயே இருந்துவிடுவான்.

"நான் போறேன் மதினி, கோத்துக்கோங்க" என்றது உளுவை. "ஆனா இது வளையவிட்டு வெளிய வந்தா ஆள் இருக்கா இல்லையான்னு இதுக்கு யாரு சொல்லுவா?"

"நீ சொல்லி நான் கேக்கணுமாக்கும்" என்றது இறால்.

"கேக்க வேண்டாம். உன் மீசைய என் வால்மேல வச்சுக்க. ஆள் வந்தா நான் ஓடுவேன், வால் ஆடும். அத நம்பு, போதும். இனி நான் பேசல."

கண்ணை மூடி நின்றவளுக்கு அந்தப் பேச்சு நன்றாகவே விளங்கியது. சேற்றில் மண்டியிட்டு, வளை வாசலைக் கையால் தடவிப் பார்த்து, பறியைக் கவிழ்த்தாள். இரண்டும் உள்ளே போயின. பிறகு புருஷனைக் கூப்பிட்டாள்.

அவன் சத்தம் வந்த திசையைப் பிடித்து வந்தான்.

"இரை கிடைச்சதா?"

"கிடைச்சது. விட்டுட்டேன்."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அவள் முகம் பனியிலிருந்து வெளியே வந்தது. வேட்டி நுனியை அவள் கையில் கொடுத்து முன்னால் நடந்தான். அவள் அதைப் பிடித்துக்கொண்டு, அவன் வளைகிற இடத்தில் வளைந்து, நிற்கிற இடத்தில் நின்று கரையேறினாள். மூன்று நாள் அவன் கடலுக்குப் போகவில்லை. தாய்ப்பால் கேட்டு வாங்கி வந்து அவள் கண்ணில் விட்டான். நான்காம் நாள் இமை திறந்தபோது வாடை தணிந்திருந்தது. தூண்டிலுக்கு ஆகிற வெள்ளை இறால் தண்ணீரோடு விரிகுடாவுக்குள் ஏறியிருந்தது; உமையணன் பாருக்கு வெளியே போக வேண்டியிருக்கவில்லை.

அவளுக்குக் கண் திரும்பியது. வளை இறாலுக்குத் திரும்பவில்லை.

அந்த வாடையிலிருந்துதான் வளை இறாலுக்குப் பார்வை மங்கல், ஒரு கை பெரிசு. அந்தக் கையைச் சொடுக்கி, யாரு அங்கே என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது. உளுவையும் அதே வளையில் வாயைத் திறக்காமல் காவல் நிற்கிறது, வாலில் இறாலின் மீசையோடு. இரை பிடிக்கப் போகிறவர்களும் டொக் கேட்ட வளையை விட்டு விலகிப்போவார்கள்.

ஐந்தாம் நாள் வற்றுக்கு நம்புநாச்சி சேற்றில் இறங்கினாள். ஒரு கிளையை ஒடித்தாள். முறிந்த இடத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். பால் இல்லை. பறியை இடுப்பில் சரிசெய்துகொண்டு, டொக் கேட்காத அடுத்த வளையில் கோலை விட்டாள்.