வண்ணத்தைப் பூட்டி வைத்தோம்

அசமஞ்சம்பட்டிப் பள்ளிக்கூடத்தில் நான் ஓவிய வாத்தியார். எட்டு வருஷமாகத் தற்காலிகம். மூளை மட்டும் பிறந்ததிலிருந்தே தற்காலிகம்.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு வருவேன். பிள்ளைகளுக்கு உருப்படியாக ஒரு கைவேலை கற்றுக்கொடுத்திருந்தால் உங்களை நிரந்தரமாக்கிக் கையெழுத்துப் போடுகிறேன்" என்று கல்வி அதிகாரி எழுதியிருந்தார்.

கைவேலைப் புத்தகம் ஒன்றை வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். கறுப்பு அட்டையில் மயில் வரைந்து, கோடுகளை விட்டுவிட்டு நடுவில் வெட்டி, ஓட்டைகளில் கலர் கண்ணாடிப் பேப்பர் ஒட்ட வேண்டும். வெட்டிய துண்டுகளைத் தூர எறியச் சொல்லியிருந்தது. டிரில் வாத்தியார் பிச்சாண்டி மைதானத்துக்குப் போய் ஒவ்வொன்றாக எறிந்து, டேப் வைத்து அளந்தார். பதினோரு அடிக்கு மேல் போகவில்லை என்று அவருக்கு இன்னும் வருத்தம்.

வெள்ளிக்கிழமை காலை பிள்ளைகள் செய்த மயிலை ஜன்னலில் மாட்டினோம். வெயில் பட்டதும் தரையில் சிவப்பும் பச்சையும் நீலமுமாக இன்னொரு மயில் விழுந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. "வேலை கெடச்சிருச்சுடா சாமி!" என்று கத்தினேன்.

அந்த நேரம் பார்த்து அஞ்சாம் வகுப்பு வெண்மதி குறுக்கே நடந்தாள். மயில் அவளுடைய வெள்ளைச் சட்டையில் ஏறிக்கொண்டது.

"ஐயையோ, எடுத்துட்டுப் போறாளே!" என்று தலைமையாசிரியர் சிங்காரவேலு அலறினார். "பின்னாடி போம்மா, எடுத்த எடத்துலயே வச்சிரு!"

அவள் பின்னால் போனாள். மயில் தரைக்கு வந்தது. அதற்கப்புறம் ஒருத்தரையும் பக்கத்தில் விடவில்லை. மயிலைச் சுற்றி நானே சாக்பீஸில் கோடு போட்டேன்.

அரை மணி கழித்துப் பார்த்தால் மயில் கோட்டைத் தாண்டியிருந்தது.

"எங்க சார் போகுது?" என்றார் பிச்சாண்டி.

"ஜன்னல் பக்கமாப் போகுது. வந்த வழியே ஓடப் பார்க்குது" என்றார் தலைமையாசிரியர்.

"அப்போ ஜன்னலைச் சாத்திருவோம்" என்றேன். இந்த யோசனை என்னுடையதுதான். வேறு யாருக்கும் இதில் பங்கு கிடையாது.

ஜன்னலைச் சாத்தி, கதவையும் பூட்டினோம். உள்ளே கும்மிருட்டு. "இருட்டுல அதுக்கு வழி தெரியாது" என்று தலைமையாசிரியர் என் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

நாலு மணிக்கு அதிகாரி வந்தார். கதவைத் திறந்தோம், தரையில் மயில் இல்லை. ஜன்னலைத் திறந்தோம், அப்போதும் இல்லை. எட்டு வருஷமும் போச்சே என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன்.

நிமிர்ந்து பார்த்தால் அதிகாரியின் சட்டை! சிவப்பு, பச்சை, நீலம் என்று கட்டம் கட்டமாக மின்னியது.

"சார், கொஞ்சம் பின்னாடி போங்க" என்றேன் மரியாதையாக. சுவரில் முதுகு முட்டும் வரை போனார். வண்ணம் இறங்கவில்லை.

"ஒட்டிக்கிச்சு. கழட்டினாத்தான் வரும்" என்றார் பிச்சாண்டி.

மூன்று பேரும் சேர்ந்து கழற்றி, சாக்பீஸ் கோட்டுக்குள் விரித்தோம். கச்சிதமாகப் பொருந்தியது.

"யோவ், சட்டையைக் குடுங்கய்யா! கையெழுத்துப் போட்டுத் தொலைக்கிறேன்!" என்று பனியனோடு நின்று கத்தினார் அதிகாரி.

பேனா சட்டைப் பையில் இருந்தது. சட்டையை எடுத்தால் மயில் போய்விடும். மயில் போய்விட்டால் எதைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார்?

அதனால் நான் இன்னும் தற்காலிகம்தான். அதிகாரியும் எங்கள் பள்ளிக்கூடத்தில்தான் இருக்கிறார். பனியனோடு மூன்றாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறார், தற்காலிகமாக.