குன்னி பிடிச்ச கை

காலை நீட்டிப் படு, பிரம்மு. அத்தை மேல உதைக்கப்பிடாது. "ம்" கொட்டிக்கிட்டே வரணும், இல்லாட்டி நான் பாட்டுக்கு எந்திச்சுப் போயிருவேன், ஆமா.

ஊருன்னா ஊரு, கண்ணுக்கே தெரியாத ஒரு ஊரு இருந்துது. எங்கனன்னு கேக்கியா? உன் வயித்துக்குள்ளதான். பாக்டீரியான்னு ஒரு பொடிப் பூச்சி உண்டும்லா, அதுல ஒத்தப் பூச்சிதான் அந்த முழு ஊரும். சிரிக்காத, கேளு.

அந்த ஊர்ல என்ன வேலை நடக்கணும்னாலும் கூவிச் சொல்ல ஒருத்தி வேணும். நாலு நிறத்துப் பாசிமணியக் கோத்துக் கோத்து அவள உண்டாக்குவாவ. படிச்சவங்க அந்தச் சரத்துக்கு ஆர்.என்.ஏ.ன்னு பேரு வச்சிருக்காவ. ஒருத்திக்கு ஒரே வரிதான் தெரியும். அதையே கூவிக்கிட்டு இருப்பா. வேலைக்காரங்க அவளச் சுத்தி நின்னு கேட்டுக் கேட்டு, டொக்கு டொக்குன்னு செய்வாவ.

"ம்."

ஆனா பாரு, "போதும், நிறுத்து"ன்னா அங்க நடக்காது. கூவுதவளுக்குக் காதே கிடையாது. நிறுத்தணும்னா அவள வெட்டணும், அதுதான் ஊர் வழக்கம். அதுக்குன்னு வெட்டும்பெருமாள்னு ஒருத்தரு. கெட்டவரு இல்ல, அவரு வேலை அது. ஆளில்லாம நிக்கிற சரத்தை நறுக் நறுக்குன்னு வெட்டி, மணிய அள்ளிக் குவியல்ல போட்டுருவாரு. அந்த மணியிலதான் அடுத்தவ பொறப்பா.

அங்கன செம்பவளம்னு ஒருத்தி. "இரும்புச் சட்டி பண்ணுங்க, இரும்புச் சட்டி பண்ணுங்க"ன்னு கூவுவா. கொரலுன்னா அப்பிடி ஒரு கொரலு. வேலைக்காரங்க அவள விட்டு அசையவே மாட்டாவ. வெட்டும்பெருமாளுக்கு உள்ள நுழைய இடமே இருக்காது.

அப்போ வந்துது இரும்புப் பஞ்சம். மிச்சம் இருந்த கொஞ்சூண்டும் சட்டிக்கே போவுது. ஊர ஓட்டுத பெரிய சக்கரத்துல அச்சாணி தேஞ்சு போச்சு, புதுசு அடிக்க இரும்பு இல்ல. சக்கரம் நின்னே கெடந்தா ஊரே செத்துச்சு. செம்பவளம் வாய மூடணும். எப்பிடி மூட வைக்க?

அந்த மாதிரிப் பஞ்சத்துல மட்டும்தான் குன்னி பொறப்பா. ரொம்பச் சின்னவ. கூவ அவளுக்கு ஒரு வரியும் கிடையாது, அதனால காது இருந்துது. அவ மணியெல்லாம் செம்பவளத்தோட மணிக்கு எதுக்க எதுக்கப் பொருந்தும். போய்க் கையப் பிடிச்சான்னா வேலைக்காரங்க தொத்துத இடம் அடைபட்டுப் போவும், விலகிருவாவ. அப்போ வெட்டும்பெருமாள் வருவாரு. பிடிச்சவளையும் சேத்துதான் வெட்டுவாரு. குன்னிக்கு அது தெரியும்.

"ம்..."

மொதல்ல போனா. அந்தக் கொரலக் கேட்டு மயங்கி நின்னுட்டா. இவளையா வெட்டக் குடுக்கணும்னு கையப் பின்னால மறைச்சுக்கிட்டுத் திரும்பிட்டா. சக்கரம் கிரீச்... கிரீச்னுது.

அப்புறம் ரெண்டாவது தடவை, செம்பவளத்துக்குப் பதிலா வேற ஒருத்தியோட கையக் குன்னி பிடிச்சுப் பாத்தா. மணி பொருந்தல, சொளக்குன்னு வழுக்கிட்டு. சக்கரம் கிரீ...ச்சுன்னு இழுத்துது.

"அத்தை, குன்னி மாட்டேன்னு சொல்லலாம்லா?"

சொல்லலாம்ட்டி. யாரு கட்டிப் போட்டா அவள? ஆனா சக்கரம் நின்னா செம்பவளமும்தான போவா.

அப்புறம் மூணாவது தடவை சக்கரம் நின்னே போச்சு. ஒரு சத்தம் இல்ல. செம்பவளம் மட்டும் கூவிக்கிட்டு இருந்தா. குன்னி கூட்டத்துக்குள்ள நுழைஞ்சு போயி, அவ கையப் பிடிச்சா. மணியும் மணியும் கிளுக் கிளுக்னு பொருந்திட்டு. வேலைக்காரங்க ஒவ்வொருத்தரா விலகிட்டாவ. பொறந்ததுல இருந்து மொத தடவையா செம்பவளம் சும்மா நின்னா. பயந்துட்டா போல.

குன்னி சொன்னா: "வலிக்காதுக்கா. நானும் கூட வாரேன்."

அவளுக்குக் காது கேக்காதுன்னு தெரிஞ்சும் சொன்னா, பிரம்மு.

நறுக். நறுக். ரெண்டு பேரு மணியும் ஒரே குவியல்ல கலந்து போச்சு.

அப்புறம் மிச்ச இரும்புல அச்சாணி அடிச்சாவ, சக்கரம் கடகடன்னு உருண்டுது, ஊரு பொழச்சுது. பஞ்சம் தீந்ததும் அதே குவியல்ல இருந்து மணி எடுத்து இன்னொரு செம்பவளத்தக் கோத்தாவ. அதே கொரலு, அதே வரி.

"குன்னி?"

குன்னியக் கோக்கல. அவ வந்தா பஞ்சம் வந்துட்டுன்னுல்லா அர்த்தம். அதனால, அவளால பொழச்ச அந்த ஊரே இனிமே அவ பொறக்கவே கூடாதுன்னு வேண்டிக்கிடுது.

என்னட்டி, அழுதியா? இங்க வா, மூக்கத் தொடச்சுக்கோ. கதை ஓஞ்சுது, கண்ண மூடு. உறங்கு.