இடப்பக்கம் இழுத்த வண்டி

சென்னியப்பனுக்கு ஐம்பத்தாறு வயது. இருபத்தொன்பது வருடம் தனியார் பஸ் ஓட்டியவர். முழங்கால் மக்கர் செய்ய ஆரம்பித்ததும் பஸ்ஸை விட்டு இறங்கி, சக்கரங்களை நேராக்கும் வேலையைக் கற்றுக்கொள்ள மரகதத்தின் பட்டறையில் சேர்ந்தார்.

மரகதம் அவரைவிடப் பதினான்கு வயது இளையவள். ஆனாலும் அவர் அவளை 'மாஸ்டர்' என்றுதான் கூப்பிடுவார். அவள் அவரை 'அண்ணா' என்பாள். மூன்று வருடமாக இப்படித்தான் போய்க்கொண்டிருந்தது, இருவருக்கும் இதில் குறையில்லை.

அந்தச் சனிக்கிழமை காலையில் அவர் வேலையில் கை வைக்காமல் நின்றார்.

"மாஸ்டர், ஒண்ணு கேக்கோணுங்க."

"கேளுங்கண்ணா."

"வண்டிச் சக்கரம் கோணிப்போனா நிமித்தறோம். மனுசனோட கை கோணிப்போனா எப்படிங்க நிமித்தறது?"

"யாரு கை?"

"எம் பையன் கைங்க."

மரகதம் கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

பூபதி அவருக்கு ஒரே பிள்ளை. அப்பனும் மகனுமாக இரண்டு வருடம் வீட்டுக் கொட்டகையில் ஒரு பழைய காரை அறுத்தும் ஒட்டியும் புதிதாகச் செய்தார்கள். கூரையைத் தாழ்த்தினார்கள், சக்கரங்களின் மேல்மூடியைக் கழற்றி எறிந்தார்கள், அந்தச் சின்ன உடம்புக்குள் ஒரு பெரிய என்ஜினைத் திணித்தார்கள். இளவட்டங்கள் இதை ஹாட் ராட் என்று சொல்கின்றன. ஊர்க்காரர்கள் வேறு பெயர்கள் சொன்னார்கள், அவற்றை இங்கே எழுத முடியாது.

முன்பக்க அச்சைப் பொருத்தியது சென்னியப்பன். முதல் ஓட்டம் ஓட்டியது பூபதி. பெருந்துறை ரோட்டில் அரை மைல் போவதற்குள் வண்டி இடப்பக்கம் சாய்ந்து, மஞ்சள் பயிரிட்ட ஒரு காட்டுக்குள் இறங்கி நின்றது. யாருக்கும் அடியில்லை.

"வண்டி இடப்பக்கம் இழுக்குதுப்பா" என்றான் பூபதி.

கூட்டாளிகள், சொந்தக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து வண்டியை ரோட்டில் ஏற்றிவிட்டு நின்றுகொண்டிருந்தார்கள். சென்னியப்பன் அவனை இறக்கிவிட்டுத் தான் ஏறிக்கொண்டார். அதே ரோட்டில் அதே வண்டியைக் கோடு கிழித்த மாதிரி ஓட்டிக்கொண்டு போய்த் திரும்பி வந்தார். "வண்டி இழுக்கல. உங்கைதான் இழுக்குது. இந்தக் கையை வெச்சுக்கிட்டு நீ எருமை மேய்க்கத்தான் லாயக்கு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

அந்த வாரமே பூபதி ஓசூருக்கு வேலைக்குப் போய்விட்டான். ஏழு மாதம் ஆகிறது. தீபாவளிக்கு வரவில்லை. அப்பாவிடம் பேசுவதில்லை. நேற்று அம்மாவிடம் மட்டும் போனில் சொல்லியிருக்கிறான்: ஞாயிற்றுக்கிழமை வந்து வண்டியை எடுத்துப் போய் விற்றுவிடுவானாம். அதற்கப்புறம் அந்த வீட்டில் அவனுக்கு வேலை ஒன்றும் இல்லையாம்.

"விக்கறதுக்கு முந்தி ஒருக்கா அவனைப் பக்கத்துல உக்கார வெச்சு, கையை நேராப் புடிக்கக் கத்துக் குடுத்துட்டன்னா அவன் கோவம் போயிரும்ங்க" என்றார் சென்னியப்பன். "அதுக்குத்தான் வழி கேக்கறனுங்க."

"வண்டி எங்கே?"

"வெளியில நிக்குதுங்க. நாந்தான் ஓட்டிட்டு வந்தேன்."

"வாங்க, போலாம்."

தொழிற்பேட்டைக்கென்று போட்டுவிட்டுத் தொழிற்சாலை ஒன்றுகூட வராத ஒரு அகல ரோடு பட்டறைக்குப் பின்னால் கிடந்தது. சென்னியப்பன் ஓட்டினார். மரகதம் பக்கத்தில் உட்கார்ந்தாள். வண்டி பிசகாமல் நேராகப் போனது.

"பாருங்க மாஸ்டர்" என்றார் அவர்.

அவள் ரோட்டைப் பார்க்கவில்லை. அவருடைய முன்னங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, நீங்க ஓட்டுன பஸ்ஸுல எத்தனை பஸ் நேராப் போச்சு?"

சென்னியப்பனுக்குச் சிரிப்பு வந்தது. "ஒண்ணுகூட இல்லீங்க. ஒண்ணு இந்தப் பக்கம் போகும், ஒண்ணு அந்தப் பக்கம் போகும்."

"அப்புறம் எப்படி ஓட்டுனீங்க?"

"அது கைக்குத் தெரியும்ங்க. நாம நெனைக்கவே வேண்டாம்."

கொஞ்ச தூரம் போனதும், "கையை எடுத்து மடியில வையுங்க" என்றாள்.

அவர் கைகள் மேலே எழுந்தன. ஆனால் ஸ்டியரிங்கை விட்டு அரை அங்குலத்தில் அப்படியே நின்றுவிட்டன. இருபத்தொன்பது வருடத்தில் ஓடும் வண்டியில் அவர் இரண்டு கையையும் விட்டதே கிடையாது.

"மடியில" என்றாள் மரகதம்.

வைத்தார். அவள் மெதுவாக எண்ணினாள். ஐந்து எண்ணுவதற்குள் இடப்பக்கச் சக்கரம் மண்ணில் இறங்கிவிட்டது. சென்னியப்பன் பாய்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தார்.

"ரோடு சரிவுங்க, மாஸ்டர். மழைத்தண்ணி ஓடறதுக்கு இந்தப் பக்கம் தாழ்த்திப் போட்டிருக்கறாங்க."

"இருக்கும். அப்ப ரோட்டோட வலது ஓரத்துக்குப் போயி ஓட்டுங்க. அங்க சரிவு அந்தப் பக்கம்தானே."

வலது ஓரத்துக்குப் போனார். ரோடு இப்போது வலப்பக்கம் தாழ்ந்திருந்தது. கையை மடியில் வைத்தார். வண்டி அந்தச் சரிவுக்கு எதிராக மேடேறி இடப்பக்கமே போனது. சென்னியப்பன் பிரேக்கை மிதித்து நிறுத்தினார்.

பட்டறைக்குத் திரும்பி டேப்பை எடுத்தார்கள். வலப்பக்கம் பின்சக்கர நடுவிலிருந்து முன்சக்கர நடுவரைக்கும் நூற்றுப்பத்து அங்குலம் இருந்தது. இடப்பக்கம் நூற்றொன்பதே கால்தான் இருந்தது. அவர் மறுபடி அளந்தார். டேப்பின் முனையை மாற்றிப் பிடித்து மூன்றாவது தடவையும் அளந்தார்.

"நூல் கட்டிப் பாத்தனேங்க. ரெண்டு முன்சக்கரமும் நேரா இருந்துதே."

"இப்பவும் ஒண்ணுக்கொண்ணு நேராத்தானுங்கண்ணா இருக்குது. ரெண்டும் சேந்து கோணி நிக்குது."

சென்னியப்பன் அட்டையை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தார். டார்ச்சை அடித்துப் பார்த்தார். முன் அச்சை வண்டியோடு பிணைக்கும் இடப்பக்கத்துப் பட்டை ஸ்பிரிங்கின் நடு போல்ட், அச்சில் அதற்கென்று உள்ள குழிக்குள் உட்காராமல் குழியின் விளிம்பில் ஏறி நின்றது. அச்சு ஒரு விரற்கடை பின்னால் தள்ளியிருந்தது. அதை அப்படி உட்கார வைத்து முறுக்கியவர் அவரேதான். மதியச் சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டதே என்று அவசரமாக முறுக்கியதுகூட ஞாபகம் வந்தது.

அவர் ஓட்டியபோதும் வண்டி இடப்பக்கம்தான் இழுத்திருக்கிறது. கை அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அதை வலப்பக்கம் பிடித்துக்கொண்டே போயிருக்கிறது. பிள்ளை சொன்னது நிஜம். அத்தனை பேர் முன்னால் நிஜத்தைச் சொல்லிவிட்டு அவமானப்பட்டு நின்றிருக்கிறான். அவர் உடனே வெளியே வரவில்லை.

வெளியே வந்ததும் நேராக ஸ்பேனர் மாட்டியிருந்த பலகைக்குப் போனார். தேவையான ஸ்பேனரை எடுத்துக்கொண்டு திரும்பினார்.

"பத்து நிமிச வேலைங்க, மாஸ்டர். நாலு நட்டைத் தளத்தி, அச்சை முன்னால தள்ளி, போல்ட்டைக் குழியில உக்கார வெச்சாப் போதும். நாளைக்கு அவன் ஏறி உக்காந்தா வண்டி நூல் புடிச்சாப்பல போகோணும். அப்படிப் போனா விக்கறதுக்கு மனசு வருமுங்களா?"

மரகதம் அவருக்கும் வண்டிக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"வேண்டாங்கண்ணா."

"ஏனுங்க?"

"நாளைக்கு வண்டி நேராப் போனா பூபதி என்ன நெனைப்பான்?"

"அப்பன் சரி பண்ணிட்டான்னு..." அவர் பாதியில் நிறுத்தினார். பிறகு, "அன்னிக்கு வண்டி கோணலாத்தான் இருந்துது, எம்மேலதான் தப்புன்னு நானே வாய்விட்டுச் சொல்லிப்போடறனுங்க" என்றார்.

"சொல்லுவீங்க. வண்டியை விக்கக்கூடாதுங்கறதுக்காக அப்பா சும்மா சொல்றாருன்னு அவன் நெனைச்சுக்குவான். உங்க சம்சாரமும் அப்படித்தான் நெனைப்பாங்க. அன்னிக்குச் சிரிச்சவங்களும் அப்படித்தான் நெனைப்பாங்க."

சென்னியப்பன் கையிலிருந்த ஸ்பேனரைத் தாழ்த்தினார்.

"அப்ப நான் என்னதாங்க பண்றது?"

"வண்டி இங்கயே நிக்கட்டும். நாளைக்கு அவனை இங்க கூட்டிட்டு வாங்க. அன்னிக்குச் சிரிச்சவங்கள்ல யாரு வருவாங்களோ அவங்களையும் கூட்டிட்டு வாங்க" என்றாள் மரகதம். "அவன் சொன்னது நெசம்னு காட்டறதுக்கு அவங்கிட்ட வேற ஒண்ணுமே இல்லீங்கண்ணா, இந்த போல்ட் ஒண்ணுதான் இருக்குது. அதை நீங்க தொடாதீங்க."