ரோகிணி சிவந்த கதை

அந்தக் காலத்தில் வானம் இவ்வளவு உயரத்தில் இல்லை. பனைமரத்து உச்சிக்குச் சற்று மேலேதான் இருந்தது. நட்சத்திரங்களும் கோழி குருவிகளும் அக்கம்பக்கத்துக்காரர்கள் மாதிரி பேசிக்கொள்ளும்.

அப்போது ரோகிணி நட்சத்திரம் வெள்ளைவெளேர் என்று இருந்தாள். நெருப்பையெல்லாம் வயிற்றுக்குள் இறுக்கிப் பிடித்து, சின்ன உருவமாய், கண்ணைக் குத்துகிற மாதிரி ஜொலிப்பாள். சந்திரன் அந்தப் பக்கம் வந்தால் நின்று நாலு வார்த்தை புகழாமல் போவதில்லை. ரோகிணிக்கும் தலைகால் புரியாது.

ஒரு மார்கழியில் குளிர் வாட்டி எடுத்தது. ரோகிணிக்குப் பக்கத்தில் பொடி நட்சத்திரங்கள் சில குடியிருந்தன. குளிர் தாங்காமல் அவளிடம் ஓடிவந்தால் சூடு பொசுக்கியது. விலகி ஓடினால் மறுபடி விறைத்தது. அவற்றில் கடைக்குட்டி மங்கி மங்கி, இன்னும் ஓர் இரவு தாங்காது என்ற நிலைக்கு வந்துவிட்டது. இத்தனை நெருப்பு இருந்தும் ஒரு குஞ்சுக்கு உதவவில்லையே என்று ரோகிணிக்கு அழுகை வந்தது.

கீழே வைக்கோல் போரில் ஒரு பெட்டைக்கோழி அடை கிடந்தது. அதன் முட்டைகள் மட்டும் எப்படி விறைக்காமல் இருக்கின்றன என்று கேட்கலாமென்று ரோகிணி இறங்கினாள்.

"அங்கேயே நில்லு தாயி, வைக்கோல் பத்திக்கும்" என்றது கோழி. அடை கிடக்கிற கோழிக்கு எப்போதும் கொஞ்சம் சிடுசிடுப்புதான்.

ரோகிணி எட்ட நின்றே விஷயத்தைச் சொன்னாள். கோழி லேசாக எழுந்து தன் வயிற்றைக் காட்டியது. அங்கே இறகே இல்லை. சூடு நேராக முட்டையில் படட்டும் என்று தானே பிடுங்கிப் போட்டிருந்தது.

"தீயை இப்படி உள்ளேயே இறுக்கி வெச்சிருந்தா யாருக்கு ஆகும்? தளர்த்தி விடு. உடம்பு பரவட்டும். சூடு தணியும், பக்கத்துல வரலாம். ஆனா இந்த வெள்ளை போயிடும்."

"திரும்பி வராதாக்கா?"

"எனக்கு இறகு முளைக்கும். உனக்கு எதுவும் முளைக்காது."

ரோகிணி மேலே போனாள். வெள்ளையை இழக்க அவளுக்கு மனசே இல்லை. பக்கத்தில் கடைக்குட்டி ஒருமுறை மினுக்கி, அணையப் பார்த்தது. அவ்வளவுதான், ரோகிணி பிடியை விட்டுவிட்டாள். உடம்பு உப்பிக்கொண்டே போனது. வெள்ளை மங்கி மஞ்சளாகி, மஞ்சள் மாறி அடுப்புத் தணல் மாதிரி சிவந்தது. சூடு இதமானது. பொடிசுகள் ஒவ்வொன்றாய் வந்து ஒட்டிக்கொண்டன. கடைசியில் கடைக்குட்டியும் ஒண்டிக்கொண்டு மெல்ல ஒளிவிட்டது. ரோகிணிக்கு வயிறு நிறைந்த மாதிரி இருந்தது.

மறுநாள் வந்த சந்திரனுக்கு அவளை அடையாளமே தெரியவில்லை.

"இங்கே ரோகிணின்னு ஒருத்தி இருந்தாளே, எங்கேம்மா?"

"நான்தான். மெதுவாப் பேசுங்க, இப்பத்தான் தூங்குதுங்க."

அன்று முதல்தான் ரோகிணி வெள்ளை நட்சத்திரங்களைவிடச் சூடு தணிந்து, பருத்துச் சிவந்து, பொடி நட்சத்திரங்கள் சூழ இருக்கிறாள். சந்திரனும் மாதாமாதம் அந்த வழியாகப் போகும்போது சத்தம் காட்டாமல் ஓரமாகத்தான் கடந்து போகிறான்.