பாத்தாச்சு டீச்சர்

"டீச்சர், ஊரே பேசுது. நீங்க மட்டும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேங்கிய."

வெயிலுமுத்துவின் குரலில் பாதி வருத்தம், பாதி அதட்டல். காலமெல்லாம் தூத்துக்குடியில் இரும்புக்கடை நடத்திவருகிறவருக்கு அதட்டாமல் வருத்தப்படத் தெரியாது.

பெனிட்டா டீச்சர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

டீச்சருக்கு வயசு வெயிலுமுத்துவின் மூத்த மகள் வயசுதான். பெண்கள் பள்ளியில் கணக்கு எடுக்கிறார். ஆனால் உப்பளத்துப் பறவைகளைப் பற்றி இந்தப் பக்கத்தில் யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் அவர் வீட்டு வாசலில்தான் வந்து நிற்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை விடியும்போது ஒரு சின்னக் கூட்டம் அவர் பின்னால் உப்பள வரப்பில் நடக்கும். அதற்காகவே அவர் சர்ச்சில் ஞாயிற்றுப் பூசைக்குப் பதிலாகச் சனிக்கிழமை சாயங்காலப் பூசைக்குப் போய்விடுவார்.

வெயிலுமுத்து அந்தக் கூட்டத்தில் போன ஐப்பசியில் சேர்ந்தவர். இப்போது பங்குனி முடியப் போகிறது.

"நான் அனுப்புன போட்டோ பாத்தியளா, இல்லையா?"

"பாத்தேன் அண்ணாச்சி."

"நெஞ்சு, வயிறு எல்லாம் செவப்பு. ரெட் ஆக்சைடு பெயிண்ட் டப்பாவுல முக்கி எடுத்த மாதிரி. இத்தன நாள்ல நம்ம உப்பளத்துல அப்படி ஒன்ன யாராவது கண்டிருக்கோமா? புத்தகத்துல தேடிப் பேரும் கண்டுபிடிச்சிட்டேன்."

"அது என்ன செஞ்சிட்டிருந்துச்சு?"

வெயிலுமுத்துவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

டீச்சரின் கூட்டத்தில் இப்படி ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பறவையைக் கண்டாலும் எடுத்த எடுப்பில் பேரைச் சொல்லக் கூடாது. அது என்ன செய்துகொண்டிருந்தது என்று முதலில் சொல்ல வேண்டும். பேர் கடைசியில். மற்றவர்கள் இதற்குப் பழகிவிட்டார்கள். வெயிலுமுத்துவுக்குத்தான் பொறுக்காது. கடைக்கு வருகிறவன் பொருளின் பேரைச் சொல்லாமல் அதன் குணத்தை விளக்கிக்கொண்டிருந்தால் வியாபாரம் உருப்படுமா என்பது அவர் கட்சி.

"நின்னுச்சு டீச்சர். ஒத்தக்கால்ல நின்னுச்சு. எல்லாப் பறவையும் நிக்கத்தான செய்யுது."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, போட்டோ எடுத்தேன். வாட்ஸ்அப்புல போட்டேன். பாத்தாச்சு, முடிஞ்சுது."

டீச்சர் ஒரு தாளைப் புரட்டினார்.

வெயிலுமுத்து நாற்காலி நுனிக்கு வந்தார். இந்தத் தடவை குரலில் அதட்டல் இல்லை.

"நாளைக்குக் காலையில மதுரையிலருந்து ஆள் வருது. நாகர்கோவில்லருந்து வருது. பத்திரிகைக்காரரும் வாராரு. எல்லாரும் என் பறவையப் பாக்கத்தான் வாராங்க. அது போதாதுன்னு எம் மச்சினன் வேற."

மச்சினன் இசக்கியப்பன் கடையில் கூட்டாளி. ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தான் கடையை விட்டுவிட்டுத் தொலைநோக்கியோடு கிளம்புவதை ஆரம்பத்திலிருந்தே அவனால் சகிக்க முடியவில்லை. நம்ம கடையில் இல்லாத குழாயா என்று கேட்பான். இந்தப் போட்டோ வந்ததும் பந்தயம் கட்டிவிட்டான். பறவை புதுசு என்று ஆனால் ஞாயிற்றுக்கிழமைக் கடையை இனிமேல் அவனே பார்த்துக்கொள்வான். இல்லையென்றால் அந்தத் தொலைநோக்கிக் குழாய் அவன் கைக்கு வந்துவிட வேண்டும். அத்தான் கல்லாவில் உட்கார வேண்டும்.

வெயிலுமுத்து சரி என்று கையடித்திருந்தார்.

"நீங்க ஆமான்னு ஒரு சொல்லு சொன்னாப் போதும் டீச்சர். அதுக்கப்புறம் ஒருத்தன் வாயத் தொறக்க மாட்டான்."

டீச்சர் பேனாவை மூடினார்.

"நாளைக்கு அவங்க எல்லாரும் வர்றதுக்கு முன்னாடி வந்துருங்க. உக்கார ஒரு நாற்காலி கொண்டாங்க."

"பறவை பாக்க நாற்காலி எதுக்கு?"

"அந்தப் புத்தகத்தையும் கொண்டாங்க."

புத்தகத்தைக் கேட்டதும் வெயிலுமுத்துவுக்கு மனசு நிறைந்துவிட்டது. பேரைச் சரிபார்க்கத்தானே கேட்கிறார்.



கிழக்கு வெளுக்கும்போது இருவரும் உப்பளத்தில் இருந்தார்கள்.

கடலை ஒட்டிய கடைசிப் பாத்திகளில் இந்த வருஷம் உப்பு எடுக்கவில்லை. சேறும் கணுக்கால் அளவுத் தண்ணீருமாகக் கிடந்தன. கடலில் தண்ணீர் ஏறும்போது கரையோரப் பறவைகள் எல்லாம் அங்கேதான் வந்து ஒதுங்கும்.

வெயிலுமுத்து பிளாஸ்டிக் நாற்காலியை வரப்பில் போட்டார். தொலைநோக்கியை முக்காலியில் நிறுத்தினார். புத்தகத்தில் தன் பறவை இருக்கும் பக்கத்தைத் திறந்து டீச்சரிடம் நீட்டினார்.

டீச்சர் வாங்கினார். மூடினார். ஈர வரப்பில் வைத்தார். அதன்மேல் உட்கார்ந்தார்.

"டீச்சர், அது புதுப் புத்தகம்."

"தெரியும். வரப்பு ஈரமா இருக்குலா."

வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் வெயிலுமுத்து சும்மா விட்டிருக்க மாட்டார். ஆனால் இவரிடமிருந்து அந்த ஒரு சொல் வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இடது ஓரத்துல முதல்ல நிக்கிற பறவை. பாருங்க."

வெயிலுமுத்து கண்ணை வைத்தார். எடுத்தார்.

"வளைமூக்கு உள்ளான். பாத்தாச்சு டீச்சர்."

வளைமூக்கு உள்ளான் என்பது குளிர்காலத்தில் வடக்கேயிருந்து வந்து உப்பளம் முழுக்க நிறைந்திருக்கும் ஒரு சின்னச் சாம்பல் பறவை. மூக்கு நீளமாக, நுனியில் லேசாகக் கீழே வளைந்திருக்கும். வெயிலுமுத்து அதை முதல் ஞாயிற்றுக்கிழமையே பார்த்து, பேரைத் தெரிந்துகொண்டு, அத்தோடு விட்டுவிட்டார். கார்த்திகையில் டீச்சர் இதே பாத்தியைக் காட்டி, "அண்ணாச்சி, இந்தக் கூட்டத்தப் பாத்துக்கிட்டே இருங்க" என்றார். அன்றைக்கு அதில் ஒன்றுக்கு ஒரு பாதம் இல்லை. தூண்டில் நரம்பு சுற்றி அறுத்திருக்க வேண்டும். மீதிக் காலால் தத்தித் தத்தி இரை தேடிக்கொண்டிருந்தது. வெயிலுமுத்துவுக்கு அதைப் பார்க்கவே பாவமாகப் போய்விட்டது. "நொண்டி, ஒரு வாரம் தாங்காது" என்றார். அந்த நேரம் பூநாரைக் கூட்டம் ஒன்று வந்து இறங்கியது. தொலைநோக்கியை அந்தப் பக்கம் திருப்பினவர் பிறகு இந்தப் பக்கம் திருப்பவேயில்லை.

"என்ன செய்யுது?" என்றார் டீச்சர்.

வெயிலுமுத்து மறுபடி கண்ணை வைத்தார்.

"சேத்துல மூக்க விட்டுக் குத்துது. குத்திக்கிட்டே நடக்கு."

"என்ன நிறம்?"

"சாம்பல். வயிறு வெள்ளை."

"அடுத்தது?"

"அதுவும் அதேதான்... இல்ல, இருங்க. வயித்துல ரெண்டு மூணு செம்புள்ளி இருக்கு. அழுக்குன்னு நெனைக்கேன்."

"அதுக்கு அடுத்தது?"

"இதுல புள்ளி இன்னும் கூட இருக்கு. துரு ஏற ஆரம்பிச்ச தகடு மாதிரி இருக்கு."

"அடுத்தது?"

"பாதி ஒடம்பு செவப்பு. பாதி..."

வெயிலுமுத்து நிறுத்திக்கொண்டார்.

கையால் தொலைநோக்கியை மெதுவாக வலது பக்கம் நகர்த்தினார். முக்கால்வாசி சிவந்த ஒன்று. அதற்கு அப்பால், ஒற்றைக்காலில், அவருடைய பறவை. ரெட் ஆக்சைடில் முக்கி எடுத்தது. மூக்கு நீளமாக, நுனியில் லேசாகக் கீழே வளைந்திருந்தது.

மறுபடி இடது கோடிக்கு வந்தார். ஒவ்வொன்றாக வலது கோடி வரைக்கும் போனார். பொருளை எடை பார்க்கிற ஆள் அவர். உயரம் ஒன்று. மூக்கு ஒன்று. குத்துகிற விதமும் ஒன்று.

"டீச்சர், எல்லாம் ஒரே சரக்கு."

கண்ணை எடுக்காமல் அடுத்ததையும் அவரே கேட்டார்.

"ஊருக்குத் திரும்பிக் கிளம்புற நேரத்துல நிறம் மாறுமோ?"

"மாறும்."

"நேத்து ஏன் சொல்லல? போட்டோவப் பாத்ததுமே ஏன் சொல்லல?"

"கார்த்திகையிலயே சொன்னேன் அண்ணாச்சி."

"என்ன சொன்னிய?"

"பாத்துக்கிட்டே இருங்கன்னு."

வெயிலுமுத்துவுக்கு முகம் சுட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் கார்கள் வந்துவிடும். மதுரைக்காரர்கள் சிரிப்பார்கள். இசக்கியப்பன் சித்திரை முழுக்கக் கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்லிச் சிரிப்பான். தொலைநோக்கி கையை விட்டுப் போகிறது. எழுந்து போய்விடலாமா என்று நினைத்தார். அதற்குள் சிவப்புப் பறவை அசைந்தது.

தூக்கி வைத்திருக்கும் மற்றக் காலை இப்போது இறக்கும் என்று எதிர்பார்த்தார்.

இறக்கவில்லை. தத்தியது.

சேற்றில் மூக்கைக் குத்தி எதையோ இழுத்து விழுங்கியது. மறுபடி தத்தியது. காற்றில் வயிற்று இறகுகள் கொஞ்சம் விலகியபோது அடியில் மடங்கியிருந்த கால் தெரிந்தது. அதில் பாதம் இல்லை.

"நொண்டி" என்றார் வெயிலுமுத்து.

செத்திருக்கும் என்று அவர் எப்போதோ முடிவு கட்டிய ஜீவன். அவர் பூநாரை பார்க்கப் போன ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாம் அது இங்கேயே தத்தித் தத்தித் தின்றிருக்கிறது. தேறியிருக்கிறது. நெஞ்சு புடைத்து, இந்தப் பாத்தியிலேயே நல்ல நிறத்தில் நிற்கிறது. சந்தோஷம் அவருக்குத் தாங்கவில்லை.

"ஒரு வாரம் தாங்காதுன்னு சொன்னேன் டீச்சர்."

"சொன்னிய."

"இது எவ்வளவு தூரம் போவும்?"

"வடக்க, பனிக்கடல் வரைக்கும்."

"இந்தக் காலோடயா?"

"றெக்க ரெண்டும் நல்லாத்தான இருக்கு அண்ணாச்சி."



கார்கள் வந்தன. அவற்றுக்குப் பின்னால் கடையின் லோடு ஆட்டோவில் இசக்கியப்பன் வந்தான். மதுரைக்காரர்கள் கழுத்தில் கேமராவோடு வரப்பில் வரிசையாக நடந்து வந்தார்கள். பத்திரிகைக்காரர் முன்னால் வந்தார்.

"சார்தான் கண்டுபிடிச்சதா? எங்க சார் புதுப் பறவை? பேரு என்ன?"

வெயிலுமுத்து டீச்சரைத் திரும்பிப் பார்த்தார். டீச்சர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஆமாம் என்று சொல்லப் போவதில்லை. இல்லை என்றும் சொல்லப் போவதில்லை என்பது வெயிலுமுத்துவுக்குத் தெரிந்தது.

அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. கண்ணைத் தொலைநோக்கியிலிருந்து எடுக்கவும் இல்லை.

"தின்னுக்கிட்டு இருக்கு" என்றார்.

"இல்ல சார், பேரு..."

"கொஞ்சம் பொறுங்க தம்பி. சேத்துல புழு எடுக்குது. ஒரு கால்ல பாதம் இல்ல, அதனால தத்துது. கார்த்திகையிலருந்து இங்கதான் இருக்கு. அப்ப சாம்பல் நிறம். அப்பவே செத்துரும்னு நான் நெனச்சேன். அது நெனைக்கல. இப்ப ஊருக்குக் கிளம்புறதுக்கு நிறம் மாறியிருக்கு. போறதுக்குள்ள இன்னும் நெறையத் தின்னணும்."

பத்திரிகைக்காரர் காத்திருந்தார்.

"பேரு வளைமூக்கு உள்ளான். இந்தப் பாத்தியில இருக்கிறது முழுக்க அதுதான். நான் போட்ட பேரு தப்பு."

கடையில் விலை சொல்கிற அதே குரல். ஒரு இடத்திலும் பிசிறவில்லை.

மதுரைக்காரர்களில் ஒருவர் சத்தமாகவே சிரித்தார். இதற்கா ராத்திரியெல்லாம் வண்டி ஓட்டி வந்தோம் என்றார் இன்னொருவர். பத்திரிகைக்காரர் கேமராவைப் பைக்குள் வைத்தார். கொஞ்ச நேரத்தில் எல்லாரும் பூநாரை இருக்கும் பக்கம் நடந்துபோனார்கள்.

இசக்கியப்பன் மட்டும் போகவில்லை. முகமெல்லாம் சிரிப்பாகப் பக்கத்தில் வந்து கையை நீட்டினான்.

"அத்தான், குழாய்."

"குடுக்கேன் மாப்ள. பேச்சு மாற மாட்டேன்."

வெயிலுமுத்து எழுந்தார். நாற்காலியை மச்சினன் பக்கம் நகர்த்திவிட்டு ஈர வரப்பில் உட்கார்ந்தார். வேட்டி நனைந்தது.

"அதுக்கு முன்னாடி ஒருக்கப் பாத்துரும். வலது கோடியில நிக்கிறது."

இசக்கியப்பன் உட்காரவில்லை. நின்றபடியே குனிந்து ஒரு கண்ணை வைத்தான். எடுத்தான்.

"பாத்தாச்சு அத்தான்."

"என்ன செய்யுது?" என்றார் வெயிலுமுத்து.

இசக்கியப்பன் நீட்டிய கையை மடக்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தான்.