தண்ணீர் ஊற்றியவள்மேல் பழி

அநியாயம் நடந்தது அஞ்சலைக்கு. புதுச் சாலை முதல் மழையிலேயே ஒரு முழம் உள்வாங்கியது. ரோலருக்கு முன்னால் தண்ணீர் ஊற்றிய அவள், அளவு தெரியாமல் ஊற்றியதுதான் காரணம் என்று ஒப்பந்ததாரர் தணிகாசலம் எழுதிக் கொடுத்துவிட்டார். சாலை போட்டவர் அவர், பழி குடம் சுமந்தவளுக்கு! எந்த ஊர் நியாயம் இது?

விசாரிக்க வந்த பொறியாளர், அவளை வேலையைவிட்டு நீக்கும் தாளை ஜீப் பானெட்டில் விரித்துப் பேனாவைத் திறந்தார்.

“தண்ணி சரியாத்தான் சார் ஊத்தினேன். அடியில போட்டதுதான் சரியில்ல.”

தணிகாசலம் சிரித்தார். “அடியில போட்டது ஜல்லியும் கல்தூளும். இல்லேன்னா இப்பவே, இங்கயே நிரூபி. முந்தானையில லேப் ஏதாச்சும் முடிஞ்சு வச்சிருக்கியா?”

அஞ்சலை உள்வாங்கிய பள்ளத்தில் இறங்கினாள். ஜல்லிக்கு இடையிலிருந்து இரண்டு கை அள்ளி, தண்ணீர் தெளித்துப் பிசைந்தாள்.

“இதுதானே மொதலாளி, நீங்க சொன்ன கல்தூள்?”

“ஆமா, அசல் குவாரித் தூள். அதுக்கென்ன இப்போ?”

கல்தூளை எவ்வளவு பிசைந்தாலும் உதிரும். மழைக்குக் குழைகிற களிமண்தான் விரல் சொன்னபடி வளையும். பொறியாளருக்கு இது தெரியும். பேனா அப்படியே நின்றது.

அவள் விரல்கள் ஓடின. தொந்தி வந்தது, தும்பிக்கை வந்தது, இரண்டு காதும் வந்தன. அவள் மேலேறி வந்து வைக்க, பானெட்டில் விரித்த அந்தத் தாளின் நடுவிலேயே பிள்ளையார் கம்பீரமாக உட்கார்ந்தார்.

“இது கல்தூள்னு மொதலாளி சொல்றாரு சார்,” என்றாள் அஞ்சலை. “நீங்களும் நம்பினா, பிள்ளையாரைக் கும்பிட்டுட்டுக் கையெழுத்துப் போடுங்க.”